ஒரு வருஷமும் ஒரு நாளும்

மாதேஸ்வரி அக்கா எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் அடியிலிருந்துதான் படிப்பார். கல்யாணப் பத்திரிகை என்றால் கீழே இருக்கும் பெயர்களில் தொடங்கி மேலே போவார். வாரப் பத்திரிகையில் கதை வந்தால் முதலில் கடைசிப் பத்தி. அதைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார், இல்லாவிட்டால் முதல் பக்கத்துக்குத் திருப்புவார். பதினோரு வருடமாக அவர் பக்கத்தில் நின்று வேலை செய்கிறேன், இந்தப் பழக்கம் மாறி நான் பார்த்ததில்லை. கூட வேலை செய்யும் பொற்கொடி ஒருமுறை கேட்டே விட்டாள். "முடிவு நல்லா இருந்தா மேல போவேன். இல்லன்னா அந்த அழுகைய முழுசாப் படிச்சு எனக்கு என்ன ஆவப்போவுது" என்றார் அக்கா.

நாங்கள் மூவரும் ஓசூர்ப் பக்கம் தளி சாலையில் ஒரு ரோஜாப் பண்ணையில் இருக்கிறோம். கொட்டகையிலிருந்து வெட்டி வரும் பூக்களைத் தண்டு நீளம் பார்த்துப் பிரிப்பது, கீழ் இலைகளை உருவுவது, இருபது இருபதாகக் கட்டிக் குளிர் அறைக்கு அனுப்புவது எங்கள் வேலை. அக்காவுக்கு நாற்பது நடக்கிறது, ஜவளகிரிப் பக்கம் வீடு. பொற்கொடி கோவில்பட்டிக்காரி. கணவனுக்கு சிப்காட்டில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவள், வாய் ஓயாதவள். நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

பெட்டியில் பூக்கட்டுகளை அடுக்கும்போது மொட்டும் மொட்டும் உரசக் கூடாது. நடுவில் சின்னத் தாள் வைக்க வேண்டும். அதற்காக ஓசூர் பழைய பேப்பர் கடையிலிருந்து கட்டுக் கட்டாக வரும். கன்னடச் செய்தித்தாள், தெலுங்குக் காலண்டர், யாரோ எழுதிய கணக்குப் பரீட்சைத் தாள், எல்லாம் கலந்து கிடக்கும். போன ஜனவரியில், பிப்ரவரி காதலர் தின ஆர்டருக்காக எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது, அப்படி ஒரு கட்டில் அட்டை இல்லாத தமிழ்ப் புத்தகம் ஒன்று வந்தது. புத்தகத் தாள் அளவு சரியாக இருக்கும், மடிக்க வேண்டாம். பின்பக்கம் தையல் விட்டிருந்ததால் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு தாள்களை நான் பிய்த்து ஒரு பெட்டியில் வைத்துவிட்டேன். அந்தப் பெட்டி மூடப்பட்டு வண்டி ஏறியும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அக்கா என் மேசையில் இருந்த மீதியைப் பார்த்தார்.

கையில் எடுத்ததும் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அது ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. இன்னும் இரண்டு பக்கம் முன்னால் போய்ப் பார்த்தார், அங்கும் ஒன்றும் பிடிபடவில்லை. "கடக்காரன் முடிவ கிழிச்சுட்டு அனுப்பியிருக்கான்" என்றார். அப்போது நான் சொல்லியிருக்கலாம். அக்கா புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மதியம் சோறு தின்றதும் வேறு வழியில்லாமல் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

அது ஸ்காட்லாந்து என்ற தேசத்துக் கதை. எந்தக் காலம் என்று போட்டிருந்தது, எனக்கு நினைவில்லை. துப்பாக்கியை விட வாள் அதிகம் இருந்த காலம். ஒரு பெரிய ஏரி. இந்தக் கரையில் ஒரு குலம், அந்தக் கரையில் ஒரு குலம். மூன்று தலைமுறையாக மாடு திருடிக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். ராஜா இரண்டு பேரையும் கூப்பிட்டு, இவன் பெண்ணை அவன் பையனுக்குக் கட்டு, இல்லாவிட்டால் இரண்டு கோட்டையையும் இடிப்பேன் என்கிறார். பெண்ணின் பெயர் மோராக். அவளுக்குச் செய்தி வருவதே கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால்.

அந்த ஊர் ஆண்கள் கட்டம் போட்ட துணியை முழங்கால் வரை சுற்றிக்கொள்வார்கள் என்று வந்ததும் பொற்கொடிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நம் ஊர் லுங்கியை மடித்துக் கட்டினால் முடிந்தது என்றாள். ஆனால் ஒவ்வொரு குலத்துக்கும் தனிக் கட்டம், கட்டத்தைப் பார்த்தே இன்னார் என்று தெரிந்துகொள்வார்கள் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அக்கா அந்த இடத்தை இரண்டு தரம் படித்தார். நம் குலம், வங்குசத்துக்கெல்லாம் அப்படி ஒரு துணி இருந்திருந்தால் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று சண்டை வராது என்றார்.

எனக்கு அதிசயமாக இருந்தது வேறு. மழையும் ஆடும் குளிரும் தவிர ஒன்றும் இல்லாத தேசம். அங்கே எதையுமே எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பங்காளிச் சண்டை, தண்ணீர்ச் சண்டை, பெண்ணைக் கொடுத்துச் சண்டையை நிறுத்துவது. பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை. மோராக்கை அக்கா 'அந்தப் பொண்ணு' என்றே படித்தார். அவள் புருஷன் டங்கனைப் பொற்கொடி 'டங்கன் அண்ணாச்சி' ஆக்கிவிட்டாள்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ அந்தக் கல்யாணம் வந்தது. தாலி இல்லை. இருவர் கையையும் ஒரு துணியால் சேர்த்துக் கட்டுகிறார்கள். பாதிரியார் சொல்கிறார்: இந்தக் கட்டு ஒரு வருஷமும் ஒரு நாளும் நிற்கும். அது முடிந்ததும் பெண் இருக்க நினைத்தால் இருக்கலாம், போக நினைத்தால் போகலாம். யாரும் வாள் எடுக்கக் கூடாது.

சோற்றுக் கையோடு எல்லோரும் அப்படியே இருந்தோம். பக்கத்து மேசைக்காரிகள்கூட வந்து நின்றார்கள். அப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே இருந்ததா, எழுதினவர் கட்டிய கதையா என்று ஒருத்தி கேட்டாள். எங்களில் யாருக்குத் தெரியும்.

"ஒரு வருசம் சரி. அந்த ஒரு நாளு எதுக்குக்கா?" என்றாள் பொற்கொடி. "துணிமணிய மூட்ட கட்டுததுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் பக்க ஓரத்தை மடித்து வைத்தார்.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கதையில் மோராக் ஒரு நாள் குதிரை ஏறிப் பிறந்த வீட்டுக்குப் புறப்படுவாள். பாதி வழியில் திரும்பிவிடுவாள். அவள் தம்பியை டங்கன் குலத்தார் பிணையாக வைத்திருக்கிறார்கள், இவள் போனால் அவன் கதி என்ன என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பகுதியைப் படித்த அன்று வேன் வரத் தாமதமானது. வாசலில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் அதிகம் பேசாதவள் என்பதாலோ என்னவோ, அக்கா தன் கதையைச் சொன்னார்.

அவர் ஊரிலும் ஏரிதான். மேல்கரை அவர் பிறந்த வீடு, கீழ்கரை புகுந்த வீடு. மதகைத் திறப்பதில் தொடங்கிய சண்டையில் ஒருவர் கணுக்கால் மண்வெட்டியால் போனது. தேன்கனிக்கோட்டை கோர்ட்டுக்கு ஆறு வருடம் நடந்தார்கள். கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்துவிடுங்கள் என்று முடித்தார்கள். கீழ்கரை முனிராஜுக்கு மாதேஸ்வரி. மாதேஸ்வரியின் அண்ணன் நாராயணப்பனுக்கு முனிராஜின் தங்கை பூவம்மாள். ஒரே பந்தல், இரண்டு தாலி. அக்காவுக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாதம். "எனக்கு இஷ்டமான்னு யாரும் கேக்கல. கேக்கணும்னு எனக்கே தெரியாது" என்றார்.

இப்படிக் கொடுத்து வாங்கும் கல்யாணத்தில் ஒரு விதி உண்டு, எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டுப் பெண் கோபித்துக்கொண்டு வந்துவிட்டால், மறு வீட்டுப் பெண்ணையும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் வருடம் முனிராஜ் ஏதோ சொல்லப்போய், அக்கா, வயிற்றில் ஏழு மாதமாக இருந்த மகள் அனிதாவோடு ஏரிக்கரை மேல் நடந்திருக்கிறார். செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டது. பாதிக் கரையில் எதிரே பூவம்மாள் வந்துகொண்டிருந்தார், கையில் பை, இடுப்பில் கைக்குழந்தை. நாராயணப்பன் அனுப்பிவிட்டிருக்கிறார். இரண்டு பேரும் நின்றார்கள். பூவம்மாள் அழவில்லை, திட்டவில்லை. "நீ திரும்பினா நானும் திரும்பலாம் அண்ணி" என்று மட்டும் சொன்னாராம்.

அக்கா திரும்பிவிட்டார். அதன் பிறகு இருபது வருடம் இரண்டு பேரும் எங்கும் போகவில்லை. பூவம்மாளோடு பேச்சும் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான். "அவ மொகத்தப் பாத்தா எனக்கு அந்தக் கரதான் நெனப்புக்கு வரும். அவளுக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

முனிராஜ் கெட்டவர் இல்லை என்று அக்காவே சொல்வார். குடி கிடையாது. கேழ்வரகும் முட்டைக்கோசும் போடுவார், யானை இறங்கும் மாதங்களில் வயலில் காவல் இருப்பார். கதையில் டங்கனும் கெட்டவன் இல்லை. மழையில் நனைந்து வந்து நெருப்பை முதலில் அவள் பக்கம் தள்ளி வைப்பான். பொற்கொடி அந்த இடத்திலேயே, இவள் போக மாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நல்லவன் என்பது வேறு, கேட்டார்களா என்பது வேறு என்றார்.

அவருக்கு அது வெறும் கதைப் பேச்சாக இருக்கவில்லை. ஏரிக்கு அடுத்த நிலத்தின் ஓரமாக ரோடு வரப்போகிறது என்று பெங்களூரிலிருந்து நிலம் வாங்கும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்த நிலம் அது. எல்லைக் கல் இங்கேதான், அங்கேதான் என்று மறுபடி வாய் முற்றிவிட்டது. நாராயணப்பனே வழி சொன்னார்: நம் சுரேந்தருக்கு அனிதாவைக் கட்டிவிடுவோம், நிலம் யார் பெயரில் இருந்தால் என்ன. சுரேந்தர் அவர் மகன், அன்று பூவம்மாள் இடுப்பில் இருந்த பிள்ளை. இப்போது மினி லாரியில் தக்காளி ஏற்றிப் போகிறான். அனிதாவுக்கு மாமன் மகன், உரிமை உள்ளவன். முனிராஜுக்கும் சம்மதம். சித்திரையில் நிச்சயத் தாம்பூலம், வைகாசியில் முகூர்த்தம்.

அனிதா ஓசூரில் செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவளுக்குச் செய்தி போனில் போயிற்று. சரி என்றாளா என்று நான் கேட்டேன். "ம்னு சொன்னா" என்றார் அக்கா. பிறகு, "நானும் அன்னிக்கு ம்னுதான் சொன்னேன்" என்றார்.

பிப்ரவரி ஆர்டர் முடிந்த வாரத்தில் புத்தகமும் தீர்ந்தது. கதையில் ஒரு வருஷம் முடிகிறது. அந்த ஒரு நாள் காலை வாசலில் சேணம் போட்ட குதிரை நிற்கிறது. மோராக் படி இறங்கி வருகிறாள். டங்கன் அவளைப் பார்த்து, 'நீ' என்று வாயெடுக்கிறான். அதோடு தாள் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் கூடத்தில் அதே பேச்சு. பொற்கொடி அவளை அங்கேயே இருக்க வைத்து இரட்டைப் பிள்ளையும் பெற வைத்தாள். வேறொருத்தி, போய்விட்டு ஒரு மாதத்தில் தானே திரும்புவாள் என்றாள். குதிரை டங்கனுக்காகத்தான் நின்றது, அவன்தான் போகப்போகிறான் என்றுகூட ஒருத்தி சொன்னாள். எனக்கு ஒவ்வொரு பேச்சும் முள்ளாக இருந்தது. அந்தத் தாள்கள் எந்த ஊருக்குப் போயினவோ. பூவைப் பிரித்தவர்கள் அதைக் கசக்கி எறிந்திருப்பார்கள்.

சித்திரை ஞாயிற்றுக்கிழமை தாம்பூலம். அக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார், ஜவளகிரி பஸ்ஸில் போனோம். கூடத்தில் ஜமக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நின்றார்கள். தட்டில் வெற்றிலை, தேங்காய், மஞ்சள், புடவை. அங்கே வழக்கம், பையனின் தாயும் பெண்ணின் தாயும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு தட்டைப் பிடித்து ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வது. மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு பின்வாங்கினால் வீட்டுக்கு அவமானம். பூவம்மாள் ஒரு பக்கம், மாதேஸ்வரி அக்கா ஒரு பக்கம். அந்த இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பதைப் பார்த்தபோது எனக்கு ஏரிக்கரை ஞாபகம் வந்தது. நான் கண்ணால் பார்க்காத இடம்.

தட்டுகள் நீண்டன. பூவம்மாள் அக்காவின் தட்டைப் பிடித்தார். அக்கா அதை விடவில்லை. பூவம்மாளின் தட்டையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான்கு கைகளில் இரண்டு தட்டு. அக்கா தலையைத் திருப்பி, சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தார்.

"அனிதா, உனக்கு இஷ்டமா?"

நாராயணப்பன் கோபப்படவில்லை, சங்கடப்பட்டார். "சபையில கேக்கற கேள்வியா மாதேசி இது" என்றார். முனிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரேந்தர் வாசல் பக்கம் நின்றவன் அனிதாவையே பார்த்தான். அவனுக்கும் பதில் தெரிய வேண்டியிருந்தது என்று எனக்குப் பட்டது.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள் அனிதா. "வேணாம்னு இல்ல. வேணும்னும் இல்ல. நெஜமாவே தெரியல."

அக்காவுக்கு அந்தப் பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேண்டும் என்றால் தட்டை விட்டிருப்பார், வேண்டாம் என்றால் இறக்கி வைத்திருப்பார். கொஞ்சம் தடுமாறியவர், சட்டென்று சொன்னார்: "அப்ப ஒரு வருஷமும் ஒரு நாளும் போவட்டும். அப்புறம் அவளே சொல்லுவா."

பொற்கொடி என் கையைக் கிள்ளினாள்.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வைகாசியைத் தள்ளுவதென்றால் ஆவணி, தை என்றுதானே சொல்வார்கள், இது என்ன கணக்கு என்று முணுமுணுத்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர், "வருஷம் சரிம்மா, அந்த ஒரு நாள் எதுக்கு?" என்று கேட்டார். சபையில் நின்று அக்கா ஸ்காட்லாந்து என்று எப்படிச் சொல்வார்.

அப்போது பூவம்மாள் பேசினார். அதுவரை அந்த அம்மாள் குரலை நான் கேட்டதில்லை.

"ஜோசியர் சொன்னாரு. எங்க ரெண்டு பேரையும் கூட்டிவெச்சு சொன்னாரு. பையனுக்கு இப்ப நேரம் சரியில்ல, ஒரு வருஷமும் ஒரு நாளும் கழியணுமாம்."

எந்த ஜோசியரும் சொல்லவில்லை. அக்கா எடுத்த முடிவு இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அவருக்கே தெரியாது. பூவம்மாள் அக்காவின் தட்டிலிருந்து கையை எடுத்தார். தன் தட்டை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். ஜோசியர் என்றதும் எல்லோருக்கும் எளிதாகிவிட்டது. நாராயணப்பன் எந்த ஜோசியர் என்றுகூடக் கேட்கவில்லை. இலை போடச் சொன்னார்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் அந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நான் பின்னால் சொம்போடு நின்றேன். அக்கா ஏதோ கேட்டார். பூவம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு நீ திரும்பின இல்ல" என்றார். வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்ததும் நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன். கடைசித் தாள்களைக் கிழித்தது கடைக்காரன் இல்லை, நான்தான், பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன் என்று. அக்கா திட்டுவார் என்று நினைத்தேன்.

"கடைசிப் பக்கம் இருந்திருந்தா மொதல்ல அதத்தான் படிச்சிருப்பேன்" என்றார். "அவ அங்கயே சந்தோஷமா இருந்துட்டான்னு போட்டிருக்கும். எல்லாக் கதையிலயும் அப்படித்தான போடறாங்க. சரி நல்லா இருக்குன்னு மூடி வெச்சிருப்பேன். நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது." பிறகு கத்தரியை எடுத்துத் தண்டு வெட்ட ஆரம்பித்தார்.

இப்போது மார்கழி. சர்வேயர் வந்து அளந்து எல்லைக் கல் நட்டுவிட்டுப் போனார், அது இன்றுவரை நட்ட இடத்தில் இருக்கிறது. ரோடு வரவில்லை. அனிதா அதே கம்பெனியில் இருக்கிறாள், அவள் லைனில் முப்பது பெண்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்திருக்கிறது. ஓசூர் வழியாகத் தக்காளி ஏற்றிப் போகும் நாட்களில் சுரேந்தர் அவளுக்குப் போன் செய்கிறான். என்ன பேசுகிறார்கள் என்று அக்கா கேட்பதில்லை. அந்த ஒரு நாளுக்கு லீவு போட வேண்டுமா என்று அனிதா ஒருமுறை கேட்டாளாம், போடு என்று அக்கா சொல்லியிருக்கிறார். பூவம்மாளும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் பார்த்துக்கொள்கிறார்கள். புத்தகம் எங்கள் கூடத்தில் சாப்பாட்டுப் பைகள் வைக்கும் பலகையில் இருக்கிறது, அதில் யாரும் தாள் கிழிப்பதில்லை. அக்கா சொன்ன கெடு முடிய இன்னும் நாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. அனிதா என்ன சொல்வாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.